ஆடாதோடை கொடுக்கும் கை

இன்னொருவர் வாயில் மருந்தென்று ஒரு இலையை வைக்கிறவருக்கு, அது என்ன இலை, உள்ளே போய் என்ன செய்யும், யாருக்கு ஆகாது என்ற மூன்றும் தெரிந்திருக்க வேண்டும். தெரியாமல் கொடுத்தால் அது குற்றம். பிரியத்தோடு கொடுத்தாலும் குற்றம்தான். அம்மா கொடுத்தாலும், பாட்டி கொடுத்தாலும், வாட்ஸ்அப் குழுவில் முகம் தெரியாத நண்பர் சொல்லிக் கொடுத்தாலும் இதில் சலுகை கிடையாது. கடுமையாகப் பேசுகிறேன் என்று தோன்றலாம். மற்ற விஷயங்களில் நாம் எல்லோரும் இப்படித்தான் பேசுகிறோம். பிரேக் பிடிக்கிறதா என்று பார்க்காமல் பள்ளிக்கூட வேனை எடுத்த டிரைவரை, பிள்ளைகள்மேல் உயிரையே வைத்திருக்கிறார் என்பதற்காக யாரும் மன்னித்துவிடுவதில்லை. மூலிகை என்று வந்துவிட்டால் மட்டும் நல்ல மனசு போதும் என்கிறோம்.

இதை ஒரு செடியை வைத்துப் பேசுகிறேன். ஆடாதோடை. நல்ல செடி, அதனால்தான் அதை எடுத்துக்கொண்டேன். ஏமாற்று லேகியத்தை எதிர்க்கப் பெரிய சிந்தனை தேவையில்லை. உண்மையிலேயே சரக்கு உள்ள ஒரு செடியிடம்கூட நாம் எவ்வளவு பொறுப்பில்லாமல் நடந்துகொள்கிறோம் என்பதுதான் என் கவலை.

முதலில் அதைக் கண்ணால் பார்ப்போம். வாய்க்கால் கரையிலும் தோட்டத்து ஓரத்திலும் ஆள் உயரத்துக்குப் புதராக நிற்கும். வெட்டாமல் விட்டால் அதற்கு மேலும் போகும். ஆடு மாடு வாய் வைக்காது என்பதால் வேலிக்கு நடுவார்கள், தழையை வெட்டி வயலில் மிதிப்பார்கள். இலைகள் கணுவுக்கு இரண்டாக எதிரெதிரே இருக்கும். நன்றாக வளர்ந்த இலை ஒரு சாண் நீளம் வரும். இரண்டு முனையும் ஒடுங்கி, நுனி கூராக முடியும், விளிம்பில் பல் இருக்காது. நடுநரம்பின் ஒவ்வொரு பக்கமும் பத்துக்கு முன்பின்னாகக் கிளைநரம்புகள் பிரிந்து, விளிம்பை நெருங்கும்போது மேல்நோக்கி வளையும். தண்டில் கணுக்கள் சற்றுப் புடைத்திருக்கும். இலையைக் கசக்கி நுனிநாக்கில் வைத்தால் கசப்பு உடனே ஏறும், சீக்கிரம் இறங்காது. பூ வந்துவிட்டால் சந்தேகத்துக்கே இடமில்லை. கிளை நுனியில் கதிர் விட்டிருக்கும். பச்சைச் செதில்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்க, அவற்றின் இடுக்கிலிருந்து வெள்ளைப் பூ இரண்டு உதடாகப் பிளந்து எட்டிப் பார்க்கும். கீழுதட்டில் ஊதா கலந்த சிவப்புக் கீற்றுகள். உள்ளே மகரந்தத் தாள் இரண்டே இரண்டு. காய் முற்றி வெடித்தால் விதை தெறித்து விழும். ஒரு காயில் நாலு விதைக்கு மேல் இருக்காது. 1753-ல் லின்னேயஸ் வைத்த ஜஸ்டிசியா அடதோடா என்ற பெயர், நடுவில் வேறு பெயர்கள் வந்து போனாலும், இன்றைக்கும் வழக்கில் இருக்கிறது.

இத்தனையும் புதருக்குப் பக்கத்தில் நிற்கிறவருக்குக் கிடைக்கும் சாட்சி. கடைவாசலில் நிற்கிறவருக்கு இதில் ஒன்றும் கிடைக்காது. நாட்டு மருந்துக்கடையில் ஆடாதோடைப் பொடி என்று கேட்டால் டப்பாவிலிருந்து அள்ளி, நிறுத்து, காகிதத்தில் மடித்துக் கொடுப்பார்கள். பச்சையும் பழுப்புமாக ஒரு தூள். கணு போயிற்று, நரம்பு போயிற்று, பூ போயிற்று. மிச்சம் இருப்பது கடைக்காரர் சொன்ன பெயர் மட்டும். ஆடாதோடை இலையோடு, தீக்குச்சிக்கு வெட்டுகிற பெருமரத்து இலையைக் கலப்பதுண்டு என்பது மருந்தியல் மாணவர்களின் பாடப்புத்தகத்திலேயே இருக்கிற செய்தி. அதைக் கண்டுபிடிக்கும் வழியும் அதே புத்தகத்தில் இருக்கிறது. நுண்ணோக்கியில் பார்த்தால் ஆடாதோடை இலையின் ஒவ்வொரு சுவாசத் துளையையும் இரண்டு செல்கள் குறுக்காகப் பிடித்துக்கொண்டிருக்கும். இலைக்குள்ளே கால்சியம் கார்பனேட் கட்டிகள் தெரியும். பள்ளிக்கூட ஆய்வகத்தில் இருக்கும் நுண்ணோக்கி இதற்குப் போதும். அப்படி ஒருமுறை பார்த்தது யார்? கடைக்காரர் பார்க்கவில்லை. மொத்த வியாபாரி பார்த்தாரா என்று அவர் கேட்கவில்லை. வாங்கிக்கொண்டு போகிறவர் யாரையும் கேட்கவில்லை. வீட்டில் அந்தத் தூளைத் தேனில் குழைத்துக் குழந்தையின் நாக்கில் தடவுகிறோம். (ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேனே கொடுக்கக் கூடாது என்பது தனிக்கதை.)

எந்த இலை என்பதில் இவ்வளவு பிடிவாதம் எதற்கு, இலைதானே என்று நினைப்பவர்கள் பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் நகரத்தில் நடந்ததைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1990-களின் தொடக்கத்தில் அங்கே உடல் மெலிய மருந்து சாப்பிட்ட பெண்களுக்கு ஒருவர்பின் ஒருவராகச் சிறுநீரகம் செயலிழந்தது. நோய் எதுவும் இல்லாத, நடுவயதுப் பெண்கள். மருத்துவர்கள் பின்னோக்கித் தேடிப் போனபோது, மாத்திரையில் சேர்த்திருந்த சீன மூலிகைப் பொடியில் ஒன்று மாறிப்போயிருந்தது தெரிந்தது. ஸ்டெஃபேனியா என்ற கொடியின் வேர் இருக்க வேண்டிய இடத்தில் அரிஸ்டோலோக்கியா என்ற வேறொரு கொடியின் வேர் இருந்தது. சீனச் சரக்கு வியாபாரத்தில் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே பெயர். 1993-ல் செய்தி மருத்துவ இதழில் வெளியானது. பாதிக்கப்பட்டவர்கள் எண்ணிக்கை பிறகு நூறைத் தாண்டியது. பலருக்கு டயாலிசிஸ், சிலருக்கு மாற்றுச் சிறுநீரகம். அதோடும் முடியவில்லை. சிறுநீரகம் முழுவதும் கெட்டுப்போனவர்களில் 39 பேருக்கு முன்னெச்சரிக்கையாகச் சிறுநீரகத்தையும் சிறுநீர்க் குழாயையும் எடுத்துப் பார்த்தார்கள். 18 பேருக்குப் புற்றுநோய் இருந்தது. அந்தக் கொடியில் உள்ள அரிஸ்டோலோக்கிக் அமிலம் மரபணுவையே காயப்படுத்தும் நஞ்சு. 2002-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அதைக் கொண்ட மூலிகைகளை, மனிதரில் புற்றுநோய் உண்டாக்குபவை என்று உறுதியான பட்டியலில் சேர்த்தது.

சீனத்து விவகாரம் என்று தள்ள முடியாது. அதே குடும்பத்துக் கொடி நம் கரிசல் காட்டில் தரையோடு படர்ந்து கிடக்கிறது: ஆடுதீண்டாப்பாளை. சிறுநீரக வடிவத்தில் சாம்பல் படிந்த சிற்றிலை, நல்ல நாற்றம், குழல் போன்ற கருஞ்சிவப்புப் பூ. சிவந்த உடம்பு கொண்ட ஒரு கறுப்பு வண்ணத்துப்பூச்சி இந்தச் செடியைப் பார்த்து முட்டையிடும். புழு அந்த நஞ்சைத் தின்று உடம்பில் சேர்த்துக்கொள்வதால் பறவைகள் அதைத் தொடுவதில்லை. வயிற்றுப் புழுவுக்கும் கரப்பானுக்கும் விஷக்கடிக்கும் நம் வைத்தியத்தில் ஆடுதீண்டாப்பாளையைப் பரம்பரையாகக் கொடுத்து வந்திருக்கிறார்கள். ஆடாதோடையையும் இதையும் நேரில் பார்த்தவர் ஒருநாளும் குழப்பிக்கொள்ள மாட்டார். ஒன்று ஆளுயரப் புதர், மற்றது தரையில் கிடக்கும் கொடி. இரண்டையும் தூளாக்கி, ஆடு தொடாத இலை என்ற நினைவை மட்டும் வைத்துக்கொண்டு ஒருவர் கடைக்குப் போனால்? பிரஸ்ஸல்ஸில் நடந்ததற்கும் அதற்கும் இடையில் என்ன காவல் இருக்கிறது?

இங்கேதான் எல்லோரும் சொல்லும் ஒரு வாதம் வருகிறது: ஆயிரம் வருஷமாகச் சாப்பிடுகிறோம், ஏதாவது ஆகியிருந்தால் தெரியாதா? இந்த வாதத்தை நான் அலட்சியம் செய்ய மாட்டேன். இதில் பாதி உண்மை இருக்கிறது. தின்றவுடன் வாந்தி வந்தால், மயங்கி விழுந்தால், மறுநாள் செத்தால் ஊருக்குத் தெரியும். அந்தச் செடியை ஒதுக்கிவிடுவார்கள். ஆடாதோடையை அதிகமாகக் கொடுத்தால் வாந்தி வரும் என்று நம் வைத்தியர்களுக்குத் தெரிந்தது இப்படித்தான். ஆனால் இன்று தின்ற வேர் 15 வருஷம் கழித்துச் சிறுநீர்ப்பாதையில் புற்றாக வளர்ந்தால், அந்த வேரையும் அந்தப் புற்றையும் எந்தக் கிராமத்துக் கண் சேர்த்துப் பார்க்கும்? வைத்தியர் இறந்திருப்பார். நோயாளிக்கு அந்த வேரின் பெயரே மறந்திருக்கும். நூற்றில் ஒருவருக்கு மட்டும் வரும் கெடுதலையும் ஒரு ஊர் அனுபவம் பிடிக்காது. அந்த ஒருவரின் சாவுக்கு வேறு காரணம் உடனே கிடைத்துவிடும். தலைமுறை அனுபவம் கண்டுபிடிக்கக் கூடியது வேகமான விஷத்தை. மெதுவான விஷம் அதன் கண்ணில் படாது. சரக்கு மூட்டையின் முன்னால் உட்கார்ந்து பேரேடு எழுதி, யாருக்குக் கொடுத்தோம், எவ்வளவு கொடுத்தோம், பிறகு அவருக்கு என்ன ஆயிற்று என்று 20 வருஷம் பின்தொடர்ந்தால் ஒழிய அது தெரியாது. முன்னோர்களுக்கு அந்த வசதி இல்லை. நமக்கு இருக்கிறது. வசதி இருந்தும் செய்யாமல், அவர்கள் பெயரைச் சொல்லித் தப்பித்துக்கொள்கிறோம்.

கெடுதலுக்குச் சொன்னது நன்மைக்கும் பொருந்தும். சளி பிடித்து இருமல் வந்தால் எத்தனை நாளில் போகும்? ஒரு வாரம் என்று நாம் நினைக்கிறோம். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2013-ல் வெளியான ஒரு கணக்கு, மருந்தே இல்லாவிட்டாலும் அது போகச் சராசரியாக 18 நாள் ஆகிறது என்று சொல்கிறது. நடப்பது என்ன? முதல் வாரம் பொறுத்துப் பார்க்கிறோம். இரண்டாம் வாரம் மருந்துக்கடையில் ஒரு பாட்டில் சிரப். அதற்கும் போகவில்லை என்றதும் ஒரு பெரியவர் ஆடாதோடை இலை நாலு, மிளகு, திப்பிலி, அதிமதுரம் போட்டுக் காய்ச்சிக் கொடுக்கிறார். நாலு நாளில் இருமல் நிற்கிறது. இங்கிலீஷ் மருந்துக்கு அடங்காதது கஷாயத்துக்கு அடங்கியது என்று தெரு முழுக்கச் செய்தி. கஷாயம் வேலை செய்திருக்கலாம். 18-ம் நாள் வேலை செய்திருக்கலாம். எது என்று அந்தப் பெரியவரால் சொல்ல முடியாது, நம்மாலும் முடியாது, சோதித்துப் பார்க்காமல் யாராலும் முடியாது. முதல் வாரமே ஆடாதோடையைக் காய்ச்சி, மூன்றாம் வாரம் சிரப் வாங்கியிருந்தால் புகழ் சிரப்புக்குப் போயிருக்கும். இதில் கஷாயத்தைப் புகழ்பவரும் சிரப்பைப் புகழ்பவரும் பொய் சொல்லவில்லை. கண்ணால் கண்டதைத்தான் சொல்கிறார்கள். கண்ணால் கண்டது போதாது என்பதை ஒப்புக்கொள்ளும் துணிவைத்தான் நான் பகுத்தறிவு என்கிறேன். அது சாமி இல்லை என்று சொல்லும் துணிவைவிடச் சிரமமானது. ஏனென்றால் இங்கே மறுக்க வேண்டியது தன் சொந்த அனுபவத்தை.

சாதாரண இருமலோடு நின்றால் நானும் இவ்வளவு கோபப்பட மாட்டேன். ஆடாதோடைக்கு நம் வைத்தியத்தில் உள்ள பெரிய பெயர், இருமலில் இரத்தம் வருவதை நிறுத்தும் என்பது. சளியில் இரத்தம் கண்டால் இலைச் சாறும் தேனும் என்பது பழைய முறை. காசநோய்க்கு வேறு வழியில்லாத காலத்தில் அதைக் கொடுத்தவர்களைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை. அன்றைக்கு ஐரோப்பாவிலும் நல்ல காற்று, ஓய்வு, பால், முட்டை என்பதற்கு மேல் யாரிடமும் ஒன்றும் இல்லை. இன்று நிலைமை வேறு. கிருமிக்கு மருந்து இருக்கிறது, அரசு இலவசமாகக் கொடுக்கிறது, வழக்கமான காசநோய் ஆறு மாதத்தில் குணமாகிறது. இன்று ஒருவர் சளியில் இரத்தம் கண்டு, சளிப் பரிசோதனைக்குப் போகாமல் மூன்று மாதம் ஆடாதோடைச் சாறு குடிக்கிறார் என்றால், அந்த மூன்று மாதமும் அவர் வீட்டில் கிருமியை இருமிக்கொண்டிருக்கிறார். மருத்துவம் பார்க்காத காசநோயாளி ஒருவரிடமிருந்து ஓராண்டில் 5 முதல் 15 பேர் வரை தொற்று வாங்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லிவரும் கணக்கு. அந்த வரிசையில் முதலில் இருப்பது அவர் பக்கத்தில் படுத்துத் தூங்கும் பேரக்குழந்தை. அவருக்கு அந்தச் சாற்றைச் சொன்னவர் பெயர் எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. குழந்தையின் தொற்றுக்கு யாரும் அவரிடம் கணக்குக் கேட்கப் போவதில்லை. பிழைத்தால் மூலிகையின் மகிமை, போனால் விதி என்று இரண்டு பக்கமும் அடைத்துவைத்த ஒரு கணக்கில் மூலிகை எப்படித் தோற்கும்?

கர்ப்பிணிகள் விஷயம் இதைவிட மோசம். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில், ஐந்து மாதக் கர்ப்பிணிக்கு இருமல் என்றதும் மாத்திரை வேண்டாம், குழந்தைக்கு ஆகாது என்று சொல்லி ஆடாதோடைக் கஷாயம் வைத்தார்கள். இயற்கைதானே, ஒன்றும் செய்யாது என்றார்கள். ஒன்றும் செய்யாத பொருள் இருமலை மட்டும் எப்படி நிறுத்தும் என்று அங்கே யாரும் கேட்கவில்லை. ஆடாதோடையில் இருக்கும் முக்கியமான ஆல்கலாய்டு வாசிசின். அது மூச்சுக்குழாயில் மட்டும் வேலை பார்ப்பதில்லை. கருப்பையையும் சுருங்க வைக்கும். ஜம்முவில் இருந்த அரசு ஆய்வுக்கூடத்தில் 1970-களிலும் 1980-களின் தொடக்கத்திலும் இதை விரிவாக ஆராய்ந்து, கருச்சிதைவுக்கும் பிரசவத்துக்கும் பயன்படுத்தலாமா என்ற அளவுக்குப் போனார்கள். பிரசவத்தைத் துரிதப்படுத்த இந்தச் செடியைப் பயன்படுத்தும் வழக்கம் நம் நாட்டுப் பேறுகால வைத்தியத்திலேயே உண்டு. முன்னோர் சொன்னார்கள் என்று அந்தக் கஷாயத்தைக் காய்ச்சியவர்கள், முன்னோர் சொன்னதில் பாதியைத்தான் கேட்டிருந்தார்கள். முறையாகப் படித்த சித்த மருத்துவர் எவரும் கர்ப்பிணிக்கு இதைக் கொடுக்கமாட்டார். அன்று அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதனால் கொடுத்தது சரியென்று ஆகிவிடாது.

அளவு என்ற கேள்வியும் இருக்கிறது. இலையில் உள்ள ஆல்கலாய்டு 0.5 விழுக்காட்டிலிருந்து 2 விழுக்காடு வரை மாறும். மண், பருவம், இலையின் வயது, காயவைத்த விதம் எல்லாம் அதை மாற்றும். நாலு இலை என்று ஒருவர் சொல்வதும் நாலு இலை என்று மற்றவர் பறிப்பதும் ஒரே மருந்தில்லை.

இனி, கேள்வி கேட்டவர்களின் கதை. அது ஊட்டியில் தொடங்குகிறது. சென்னை மாகாண அரசின் சிங்கோனாத் தோட்டங்களில் பட்டையின் கொய்னாவைச் சோதிக்கும் வேதியியலாளராக டேவிட் ஹூப்பர் என்ற ஆங்கிலேயர் அங்கே வேலை பார்த்தார். அவர் 1888-ல் ஆடாதோடை இலையிலிருந்து வாசிசினைப் பிரித்தெடுத்தார். கசப்பு என்று எல்லோரும் சொல்லிவந்ததைத் தனியே எடுத்து எடைபோட்டுக் காட்டினார். 1920-களில் கல்கத்தாவில் ராம்நாத் சோப்ராவும் உடன் இருந்தவர்களும் அது மூச்சுக்குழாயில் என்ன செய்கிறது என்று பார்த்தார்கள். 1959-ல் அதன் உடன்பிறப்பான வாசிசினோனைக் கண்டார்கள். வாசிசினின் அமைப்பை முன்மாதிரியாக வைத்து 1960-களில் ஜெர்மனியில் புரோம்ஹெக்சினைச் செய்தார்கள். அது உடம்புக்குள் போய் மாறும் வடிவங்களில் ஒன்றுதான் அம்ப்ராக்சால். கெட்டிச் சளியை இளக்க நம் மருந்துக்கடைகளில் விற்கும் சிரப் பாட்டில்களைத் திருப்பி, பின்பக்கத்துச் சிற்றெழுத்தைப் படித்துப் பாருங்கள். இந்த இரண்டில் ஒன்று பலவற்றில் இருக்கும். ஆடாதோடையைக் கேலிசெய்கிற பகுத்தறிவாளரும் இருமல் வந்தால் அதன் வாரிசைத்தான் குடிக்கிறார். இந்தக் கதையைக் கேட்டதும் நம்மவர்களில் பலர், பார்த்தீர்களா, எங்கள் இலையை வெள்ளைக்காரன் திருடிவிட்டான் என்கிறார்கள். நான் கேட்பது வேறு. ஹூப்பர் கையில் எடுத்த இலை நம் வேலியில் இருந்தது. அதே கேள்வியைக் கேட்க நம்மைத் தடுத்தது எது? அடிமைத்தனமும் வறுமையும் தடுத்தன என்றால் 1947 வரைக்கும் ஒப்புக்கொள்கிறேன்.

கேட்பவர்கள் ஒருமுறை கேட்டுவிட்டு நிறுத்துவதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். புரோம்ஹெக்சினும் அம்ப்ராக்சாலும் பல பத்தாண்டுகள் விற்ற பிறகு, 2015-ல் ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டாளர்கள் அவற்றை மறுபடி எடுத்துப் பார்த்து, அரிதாகக் கடுமையான ஒவ்வாமை வரலாம் என்று உறையில் எச்சரிக்கை எழுத வைத்தார்கள். 1996-ல் இரண்டு ஆய்வாளர்கள், இந்த இரு மருந்துகளும் சோதனைக் குழாயில் காசநோய்க் கிருமியின் வளர்ச்சியைத் தடுக்கின்றன என்று கண்டார்கள். இது நமக்குப் பெருமையான செய்தி. அதைப் பிடித்துக்கொண்டு, ஆடாதோடை காசத்தைக் குணமாக்கும் என்று விஞ்ஞானம் நிரூபித்துவிட்டது என எழுதுகிறவர்கள், குழாயில் கிருமி வளராமல் இருப்பதற்கும் ஒரு மனிதர் குணமாவதற்கும் நடுவில் உள்ள நெடுந்தூரத்தை மறைக்கிறார்கள். அவர்கள் படித்தவர்கள், அந்தத் தூரம் அவர்களுக்குத் தெரியும். அறியாமல் கொடுத்த பாட்டியைவிட இவர்களிடம்தான் என் வழக்கு அதிகம்.

பாட்டியைப் பற்றி இன்னும் ஒன்று. ஊரில் செடி தெரிந்த கிழவி ஒருத்தி இருந்தால், அவள் தானே போய்ப் பறித்துக்கொண்டு வருவாள், வேறு யாரையும் பறிக்க விடமாட்டாள். கொடுத்த மறுநாள் காலை வாசலில் வந்து நின்று இப்போ எப்படி இருக்கு என்று கேட்பாள். கெட்டுப்போனால் அவள் அதே தெருவில்தான் நடக்க வேண்டும். அவளுக்கு நுண்ணோக்கி தெரியாது, பொறுப்பு தெரியும். யூடியூபில் பச்சைத் துண்டைப் போட்டுக்கொண்டு 10 லட்சம் பேருக்கு ஒரே கஷாயத்தைச் சொல்கிறவர் அதைக் குடித்த ஒருவர் முகத்தையும் பார்க்கப் போவதில்லை. அவர் பேச்சில் பாட்டியின் வார்த்தைகள் இருக்கின்றன. பாட்டியின் மறுநாள் காலை இல்லை.

அலோபதி மட்டும் யோக்கியமா என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்வி. 2025-ல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராப் பக்கம் இருமல் சிரப் குடித்து 20-க்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் கெட்டு இறந்தார்கள். சிரப் தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். அதில் டைஎத்திலின் கிளைக்கால் என்ற நஞ்சு 48 விழுக்காட்டுக்கு மேல் இருந்தது, 0.1 விழுக்காட்டுக்கு மேல் இருக்கவே கூடாது. தமிழ்நாடே வெட்கப்பட வேண்டிய கொடுமை அது. ஆனால் அது கொடுமை என்று நமக்குத் தெரிந்தது எப்படி? மாதிரியை எடுத்து ஆய்வகத்தில் போட்டுப் பார்த்ததால். பாட்டிலில் தொகுதி எண் இருந்ததால். இன்ன நஞ்சு இவ்வளவுக்கு மேல் இருக்கக் கூடாது என்று எழுதிவைத்த அளவுகோல் இருந்ததால். அந்தச் சோதனையை விற்பனைக்கு முன்பே செய்யாததுதான் குற்றம். காகிதத்தில் மடித்த தூளுக்குத் தொகுதி எண்ணும் கிடையாது, அளவுகோலும் கிடையாது. அதில் குழந்தை இறந்தால் நமக்குத் தெரியவே போவதில்லை. தொழிற்சாலை செய்த கொலையைக் காட்டி, சோதனையே இல்லாத ஒன்றுக்கு நற்சான்று வாங்க முடியாது. இரண்டுக்கும் ஒரே சோதனை வேண்டும் என்று கேட்பதுதான் நேர்மை. நம் சட்டமோ, அங்கீகரித்த பழைய நூலில் சொன்னபடி செய்த மருந்துக்கு, அது வேலை செய்கிறது என்று புதிதாக நோயாளிகளிடம் ஆய்வு செய்து காட்ட வேண்டாம் என்று விட்டுவைத்திருக்கிறது. நூலே சாட்சி. வேறெந்தத் துறையில் நாம் இதைப் பொறுத்துக்கொள்வோம்?

சோதித்தால் நம் மரபு தோற்றுப்போகும் என்ற பயம் இதன் அடியில் இருக்கிறது. தோற்பது மரபு மட்டும் என்று நினைப்பவர்களுக்கு நம் ஊரிலேயே ஒரு பதில் இருக்கிறது. 1956-ல் சென்னையில், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னை அரசும் உலக சுகாதார நிறுவனமும் பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் ஒன்றைத் தொடங்கின. அப்போது மேல்நாட்டு மருத்துவத்தின் உறுதியான நம்பிக்கை, காசநோயாளியை மாதக்கணக்கில் சானடோரியத்தில் படுக்கவைத்து, நல்ல சாப்பாடும் ஓய்வும் கொடுக்க வேண்டும் என்பது. இவர்கள் நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதி சானடோரியத்துக்கு. மறுபகுதி நெரிசலான, ஏழை வீட்டுக்கே திரும்பியது. குறைந்த சாப்பாடு, உடம்பு வருத்தும் வேலை. இரு பகுதிக்கும் ஒரே மருந்து. 1959-ல் முடிவு வந்தது. வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய சானடோரியத்தில் இருந்தவர்கள் அளவுக்கே குணமாகியிருந்தார்கள். நோயாளியோடு வீட்டில் இருந்தவர்களுக்குத் தொற்று கூடுதலாகவும் பரவவில்லை என்பது பிறகு தெரிந்தது. உலகம் முழுவதும் சானடோரியங்கள் மூடியதற்கு அந்த ஆய்வு ஒரு முக்கியக் காரணம். தோற்றது ஐரோப்பாவின் பாட்டி வைத்தியம். தோற்கடித்தது மதராஸின் ஏழை நோயாளிகள் பங்கெடுத்த ஒரு நேர்மையான கணக்கு.

தாம்பரம் சானடோரியம் ரயில் நிலையத்தில் இறங்கிப் பாருங்கள். 1928-ல் டாக்டர் டேவிட் சௌரி முத்து தொடங்கிய காசநோய் விடுதி இன்று அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையாக நிற்கிறது. அதே வட்டாரத்தில் 2005 முதல் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் நடக்கிறது. இருமிக்கொண்டு வருகிறவர்களும் ஆடாதோடையும் இதைவிடப் பக்கத்தில் வேறெங்கே கிடைக்கும்? காசமில்லை என்று சளிப் பரிசோதனையில் உறுதியான, கர்ப்பிணிகள் அல்லாத, சாதாரண இருமல்காரர்களை அவர்கள் சம்மதத்தோடு குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரிக்கலாம். ஒரு பகுதிக்கு, செடி எதுவென்று உறுதிசெய்து, வாசிசின் அளவு பார்த்துக் காய்ச்சிய ஆடாதோடைக் குடிநீர். மறுபகுதிக்கு அதே நிறம், அதே கசப்பு, மருந்தில்லாத நீர். யாருக்கு எது என்று கொடுப்பவருக்கும் தெரியக் கூடாது. மூன்று வாரம் எண்ண வேண்டும். முடிவு எந்தப் பக்கம் வந்தாலும் அச்சில் போட வேண்டும். இப்படிப் பெரிய அளவில் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வு, இவ்வளவு புகழ்பெற்ற இந்தச் செடிக்கு இல்லாதது நம் எல்லோருக்கும் குறைவு. சித்த மருத்துவத்துக்காக நாம் வழக்கமாக அரசிடம் கேட்பது கட்டடமும் பதவியும் பல்கலைக்கழகமும். இந்த ஆய்வைக் கேட்டு ஒரு மனு எழுதட்டும். சித்த மருத்துவர்களே எழுதினால் இன்னும் நல்லது. முதல் ஆளாகக் கையெழுத்துப் போட நான் தயார்.